கோழிப்பண்ணை பல்பு

பிப்ரவரி 24

இன்று முழுக்கக் குடுவை கழுவினேன். தங்கம் செய்யும் குடுவையில் பழைய தங்கம் ஒரு துளி ஒட்டியிருந்தாலும் புதியது கெட்டுவிடும். முதலில் அமிலத்தில் ஊறவைக்க வேண்டும், பிறகு நல்ல தண்ணீரில் ஏழு முறை அலச வேண்டும். அம்மா போனில், "அங்க போயும் ஏனந்தான் கழுவறயா?" என்று கேட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் எம்.எஸ்ஸி. வரை வந்தது நான் ஒருத்திதான். நான் என்ன வேலை செய்கிறேன் என்று அப்பா போர்வெல் லாரியில் யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தால், "தங்கத்துல மருந்து செய்யுது" என்கிறாராம்.

அது பாதி சரி. நாங்கள் செய்வது தங்கக் குச்சிகள். ஒரு தலைமுடியின் அகலத்தில் ஆயிரம் குச்சிகளை அடுக்கலாம். அவ்வளவு சிறிதானால் தங்கம் மஞ்சளாக இருப்பதில்லை. சாயப்பட்டறைத் தண்ணீர் போல மங்கிய சிவப்பாகிவிடும். இதை எலியின் புற்றுக்கட்டிக்குள் ஊசியால் ஏற்றி, மேலே லேசரைக் காட்டினால் குச்சிகள் சூடேறும். கட்டி உள்ளேயே வெந்துவிடும். சுற்றியுள்ள சதை பெரும்பாலும் தப்பிக்கும். ஆய்வகத்தின் தலைவர் உமையாள் மேடம் இதற்காக ஐந்து வருடம் உழைத்திருக்கிறார். நான் சேர்ந்து ஏழு மாதம்.

பிப்ரவரி 26

அறிவியல் தினத்துக்குப் பொதுமக்கள் வருகிறார்கள். எங்கள் ஆய்வகமும் ஒரு மேசை போட வேண்டும். லேசரை வைக்க முடியாது. அந்த ஒளி கண்ணுக்கே தெரியாது, ஆனால் கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

"ஒண்ணுமே தெரியாம எதைக் காட்டுறது? வர்றவங்களுக்குக் கண்ணுல ஏதாவது தெரியணும்ல," என்றார் மேடம்.

நான் ஏதோ சொன்னேன். யாருக்கும் கேட்கவில்லை. ஆய்வகத்தில் எனக்கு மூத்தவரான நவநீதன் அண்ணா, "ஊமைப்படம் பேசுது, சவுண்டு வைங்கப்பா," என்றார். அவர் எனக்கு வைத்த பெயர் அது.

இன்னொரு முறை சொன்னேன். சித்தி வேலை செய்யும் கோழிப்பண்ணையில் குஞ்சுகளுக்குச் சூடு காட்டச் சிவப்பு பல்பு போடுவார்கள். அதில் எங்கள் லேசரின் கண்ணுக்குத் தெரியாத ஒளியும் கொஞ்சம் இருக்கிறது. ஒரு டம்ளரில் தண்ணீர், ஒன்றில் தங்கம், இரண்டிலும் தெர்மாமீட்டர், மேலே பல்பு. மாலையிலேயே வாங்கி வந்து போட்டுப் பார்த்தோம். இருபது நிமிடத்தில் தங்கம் இருந்த டம்ளர் ஒன்பது டிகிரி கூடுதலாகக் காட்டியது.

"யார் ஐடியா? ஜீவிதாவா? குட்," என்றார் மேடம்.

என் பெயரைச் சரியாகச் சொன்னார்.

பிப்ரவரி 28

சார்ட் அட்டையில் தமிழில் எழுதும் பொறுப்பு எனக்கு. கையெழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்பதற்காக. பச்சை ஸ்கெட்சில், "தங்கமும் ஒளியும். அறுக்காமலே புற்றுக்கட்டியை அழிக்கலாம்" என்று எழுதினேன். கீழே படம்.

கூட்டம் சேர்க்க மகளிர் குழுக்களை மூன்று பஸ்களில் அழைத்து வந்திருந்தார்கள். மதியம் தக்காளி சாதம் உண்டு. எங்கள் மேசைக்கு வந்த ஒரு அம்மா பல்பைப் பார்த்ததும், "அட, இது நம்ம பண்ணை பல்புதான!" என்றார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மூக்குத்தி, நூல் சேலை.

"பவுனாயக்கா, லீவு போட்டுட்டு வந்தாலும் வேல உன்ன உடமாட்டீங்குது பாரு," என்றது கூட்டம்.

"டம்ளருக்குள்ள நெசமாலுமே பவுனா அம்மிணி?"

"ஆமாங்க."

"எம்பேருந்தான் பவுனு. என்னையும் உள்ள போட்டுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு சாப்பாட்டுக்கு ஓடினார்கள். அவர் மட்டும் நின்றார். தெர்மாமீட்டரைப் பார்த்தார். அட்டையைப் போனில் படம் எடுத்துக்கொண்டார். எவ்வளவு நேரம் பல்பு போட வேண்டும் என்று கேட்டார். இருபது நிமிடம் என்றேன். கிட்டே வந்து இன்னொன்றும் கேட்டார். கூட்டத்தில் சரியாகக் கேட்கவில்லை. பிறகு என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்.

எங்கள் மேசைக்கு இரண்டாம் பரிசு.

மார்ச் 3

இருபத்து நான்கு எலிகள் வந்துவிட்டன. நான்கு குழுக்கள். முதல் குழுவுக்கு எதுவும் கிடையாது. இரண்டாவதுக்கு ஒளி மட்டும், மூன்றாவதுக்குத் தங்கம் மட்டும், நான்காவதுக்கு இரண்டும். எந்த எலி எந்தக் குழு என்று சீட்டுக் குலுக்கிப் பார்க்கச் சொன்னார்கள். குலுக்கினேன். முதல் குழுவுக்கான ஆறு சீட்டுகளை எடுக்கும்போது மட்டும் கூண்டைப் பார்க்காமல் எடுத்தேன்.

மார்ச் 9

பவுனாயி அம்மா போன் செய்தார்.

"அம்மிணி, நாட்டு மருந்துக் கடையில தங்கபஸ்பம்னு குடுக்கறாங்க. அது ஆகுமுங்களா? உங்குளுது செகப்பா இருந்துச்சு. இது வேற மாதிரி இருக்குது."

"அதப்பத்தி எனக்குத் தெரியாதுங்க. டாக்டர்கிட்டக் கேளுங்க."

"டாக்டரு பன்னெண்டாந் தேதி அறுக்கோணும்ங்கறாரு."

  போனில் அவர் மூச்சு கேட்டது. அந்த நேரம் பார்த்து, குழாய்களைச் சுழற்றும் மெஷின் சத்தம் கொடுத்து நின்றது. "வேலை இருக்குதுங்க," என்று வைத்துவிட்டேன்.

யாருக்கு அறுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. அடுத்தவர் வீட்டு விஷயம்.

மார்ச் 12

பவுனாயி அம்மா மூன்று முறை அழைத்திருக்கிறார். போனைப் பையில் வைத்திருந்ததால் தெரியவில்லை.

மார்ச் 17

இன்று லேசர். எலிக்கு மயக்க மருந்து கொடுத்து, கட்டிக்கு மேலே முடியை மழித்து, ஐந்து நிமிடம். நவநீதன் அண்ணா லேசரைப் பிடித்தார். நான் வெப்பக் கேமராவின் திரையைப் பார்த்து எண்களைச் சொல்ல வேண்டும். முப்பத்தாறு. நாற்பத்தொன்று. நாற்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு.

"ஏம்மா, அவ்ளோ மெதுவாச் சொன்னா எலிக்குத்தான் கேக்கும்," என்றார்.

ஒளி தெரியவே இல்லை. எலி அசையாமல் படுத்திருக்கிறது, மேலே ஒன்றுமே இல்லை, ஆனால் திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போகிறது. கடைசியில் லேசாக ஒரு வாடை. கோழியை வாட்டும்போது வருவது போல. மதியம் தயிர்சாதம் கொண்டு போயிருந்தேன். திறக்கவில்லை.

மார்ச் 21

நான்காவது குழுவுக்கு லேசர் பட்ட இடம் கறுத்துப் பொருக்காகியிருக்கிறது. நல்ல அறிகுறி என்கிறார் மேடம். மதியம் பவுனாயி அம்மாவின் அழைப்பு. எடுக்கவில்லை. கையில் எலி இருந்தது.

மார்ச் 22

மறுபடி அழைத்தார். இன்று கையில் எதுவும் இல்லை.

மார்ச் 29

நான்காவது குழுவின் ஆறு எலிகளுக்கும் பொருக்கு உதிர்ந்துவிட்டது. அடியில் கட்டி இல்லை. இளஞ்சிவப்புத் தோல், அவ்வளவுதான். மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். நவநீதன் அண்ணா எல்லோருக்கும் முட்டை பப்ஸ் வாங்கி வந்தார்.

முதல் குழுவைத் தனி அறைக்கு மாற்றியிருக்கிறோம். சுண்டைக்காய் அளவு இருந்த கட்டிகள் இப்போது நெல்லிக்காய். அந்த எலிகள் கூண்டின் ஒரு பக்கமாகவே சாய்ந்து நடக்கின்றன. அளவெடுக்கப் போகும்போது ஆறும் என்னைத்தான் பார்க்கின்றன என்று தோன்றுகிறது. எலிக்குக் கிட்டப்பார்வைதான் என்று படித்திருக்கிறேன்.

ஏப்ரல் 6

அழைப்புகள் நின்று ஏழு நாள் ஆகிறது. மொத்தம் பதினாறு. போன் கெட்டுவிட்டதோ என்று நவநீதன் அண்ணாவை என் நம்பருக்கு அடித்துப் பார்க்கச் சொன்னேன். நன்றாகவே ஒலித்தது.

ஏப்ரல் 14

வருடப் பிறப்புக்கு ஊருக்கு வந்தேன். சித்திக்கு டிபன் கொடுத்துவிட்டு வரச் சொல்லி அம்மா பண்ணைக்கு அனுப்பினாள். புதிய குஞ்சுகள் வந்திருந்தன. தகரக் கொட்டகைக்குள் பகலிலேயே இருட்டு. வரிசையாகச் சிவப்பு பல்புகள். ஒவ்வொன்றின் அடியிலும் குஞ்சுகள் நெருக்கியடித்து நின்றன. ஒரு பல்பு மட்டும், யாரோ கம்பியிலிருந்து தாழ இறக்கிக் கட்டியது போலத் தொங்கியது. அதன் கீழே குஞ்சுகள் இல்லை. தரையில் ஆள் உட்கார்ந்து எழுந்தது போல உமி அமுங்கியிருந்தது.

"ஏன்டி பேயறஞ்சாப்புல நிக்கற?" என்றாள் சித்தி. "அது மாட்டற கொண்டி களண்டு போச்சு. குஞ்சு வெந்துருமேன்னு தள்ளி உட்டுருக்குது."

பவுனாயி அம்மா வேலை செய்வது வேறு பண்ணை. இருந்தாலும் வெளியே வந்து அவர் நம்பரை அடித்தேன். இரண்டு முறை மணி அடித்தது. நானே வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 16

லேசர் காட்டி முப்பதாவது நாள். இருபத்து நான்கு எலிகளையும் மருந்து கொடுத்துக் கொன்று, ஈரல், நுரையீரல், சிறுநீரகம் எல்லாவற்றையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. குணமானவற்றையும்தான். குறிப்பு எழுதியது நான்.

மே 20

கட்டுரை அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது பெயர் என்னுடையது. அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். இங்கிலீஷில் என் பெயரை மட்டும் வட்டம் போட்டு லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்.

ஜூன் 11

பதினொரு மணிக்கு ஒரு பெண் ஆய்வகத்துக்கு வந்தார். முப்பது வயதிருக்கும். பெயர் கலாமணி என்றார். பவுனாயி அம்மாவின் மகள். செருப்பை வாசலில் விடச் சொன்ன நவநீதன் அண்ணாவிடம், "உட்டாத்தான் பேசுவீங்களா?" என்று கேட்டார். மேடம் உள்ளே உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். என் சார்ட் அட்டை. பச்சைக் கையெழுத்து.

"இத எழுதுனது யாருங்க?"

மேடம் என்னைப் பார்க்காமலே, "எங்க டிபார்ட்மென்ட்தான். என்ன விஷயம்மா?" என்றார்.

கலாமணி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"எங்கம்மாளுக்கு மாருல கட்டிங்க. மார்ச்சுல ஆப்பரேசனுக்கு நாள் குறிச்சுக் குடுத்தாங்க. போகுல. எங்குளுக்குத் தெரியாம பஸ்பத்த வாங்கித் தின்னுட்டு, பண்ணையில குஞ்சு பல்ப மாருகிட்ட வெச்சுக்கிட்டு டெய்லி இருவது நிமிசம் உக்காந்திருக்குது. கேட்டா, அறுக்காம அழிக்கலாம்னு காலேஜ்ல எழுதிப் போட்டிருக்குது, நான் பாத்தேன்ங்குது. மார்ச்சுக் கடைசியில ஜாக்கெட்டோட தோலு வந்துருச்சுங்க. புண்ணு ஆறவே ரெண்டு மாசம். கட்டி இப்ப அக்குளுக்குப் போயிருச்சு."

மேடம் முகம் வெளுத்தது. ஆனாலும் பேசினார். "பாரும்மா, 'அழிக்கலாம்'னுதான் போட்டிருக்கு. அதுக்கு, வருங்காலத்துல முடியலாம், வாய்ப்பிருக்குன்னு அர்த்தம். அழிச்சிட்டோம்னு சொல்லலையே."

"ஏனுங்க, பஸ்சுக்குள்ள வந்து உக்காரலாம்னா வருங்காலத்துலயா உக்காருவாங்க?"

 அந்த எழுத்துகளை நான் மூன்று முறை ஸ்கெட்சால் அழுத்தித் தடித்தது நினைவுக்கு வந்தது.

"நான் சண்டைக்கு வருலீங்க. மருந்து ஏத்திக் கட்டியச் சுருக்கிட்டு அப்பறம் அறுக்கலாம்ங்கறாங்க ஆஸ்பத்திரியில. கையெழுத்துப் போட மாட்டீங்குது. பல்பு தூரந்தான் தப்பாப் போச்சு, காலேஜ் புள்ளையக் கேட்டுட்டு மறுக்கா வெக்கறேன்ங்குது. இந்த வாரம் ஏத்துலைன்னா இனி ஏத்தியும் பிரயோசனமில்லைன்னு டாக்டரு சொல்றாரு. உங்கள்ல ஒருத்தரு வந்து ஆகாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அது போதும்."

அவர் போன பிறகு மேடம், "அந்த அட்டையை நான் ஒரு தடவை வாசிச்சிருக்கணும்," என்றார். பிறகு, "நீ போக வேண்டாம். லெட்டர் கொடுத்து அனுப்பலாம். நேர்ல போனா நம்ம தப்புன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகும். உன் ஃபெலோஷிப்பும் இருக்கு," என்றார்.

நான் சரி என்பது போலத் தலையாட்டினேன்.

ஜூன் 12

லெட்டர் இங்கிலீஷில் இருந்தது.

ஜூன் 14

அரசு மருத்துவமனை, பெண்கள் வார்டு. மேடத்திடம் சொல்லாமல் போனேன். மருந்தும் பினாயிலும் கலந்த வாடையை எதிர்பார்த்துப் போனேன். வார்டில் ஆரஞ்சுப் பழ வாசம் அடித்தது.

பவுனாயி அம்மா கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பாதியாகியிருந்தார். கழுத்துக்குக் கீழே சேலை விலகிய இடத்தில் தோல் மினுமினுத்தது, உருகி ஆறின மெழுகு போல. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. எதை எதிர்பார்த்துப் போயிருந்தாலும் அதை நான் எதிர்பார்க்கவில்லை.

"வந்துட்டயா சாமி! பாத்தயா கலாமணி, நான் சொன்னனல்ல. உக்காரு. போன எடுக்கவே மாட்டீங்கற. படிக்கற புள்ள, வேல இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். எவ்வளவு தூரத்துல வெக்கோணும்னுதான் கேக்கலாம்னு. டம்ளருக்கு நீ ஒரு சாண் உட்டிருந்தே. நானும் ஒரு சாண்தான் உட்டேன். எஞ் சாண் சிறுசு போல."

சாணைப் பிரித்துக் காட்டினார். 

கலாமணி, "அம்மா, அந்த அட்டையே தப்பு," என்றார்.

"அட்டைய உடு. இந்தப் புள்ள பொய் சொல்லாது. மாருக் கட்டிக்கும் ஆகுமான்னு காதோரமாப் போயிக் கேட்டேன். தலைய ஆட்டுச்சு."

கலாமணி என் பக்கம் திரும்பினார்.

கூட்டத்தில் சரியாகக் கேட்கவில்லை என்று பிப்ரவரியில் எழுதியிருக்கிறேன். கேட்டது. கூட்டம் சாப்பிடப் போயிருந்தது. அந்த மேசைப் பக்கம் நாங்கள் இருவர்தான் இருந்தோம். மாருக் கட்டி என்று அவர் சொன்னதும் எனக்குக் கூச்சமாகிவிட்டது. என்ன சொல்வதென்று தெரியாதபோது நான் தலையாட்டுவேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு புரியாதபோதும் அப்படித்தான். வாத்தியார்கள் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார்கள்.

ஸ்டூல் இருந்தது. உட்காரவில்லை.

"அம்மா, நான் அன்னிக்குத் தலையாட்டியிருக்கக் கூடாதுங்க. எனக்குத் தெரியாது. தெரியாமயே ஆட்டிட்டேன். பஸ்பமும் எங்குளுதும் வேற வேறங்க. அந்த பல்பு சும்மா வேடிக்கைக்கு வெச்சது. அதுல கட்டி போகாது. எவ்வளவு தூரத்துல வெச்சாலும் போகாது."

"ஏன், எதுக்குமே போகுலயா?"

"எலிக்குப் போச்சுங்க."

"எலிக்கா?"

"எலிக்கு மட்டுந்தான் நாங்க செஞ்சோம். மனுசருக்குச் செய்யுலைங்க. எப்பச் செய்வோம்னு எங்க மேடத்துக்கே தெரியாது."

அவர் சேலையை இழுத்து மூடிக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு கேட்டார், "கட்டி போன எலியெல்லாம் இப்ப நல்லா இருக்குதா?"

இதற்கு மட்டும் பொய் சொல்லலாம் என்று தோன்றியது.

"இல்லைங்க. முப்பது நாள் கழிச்சு எல்லாத்தையும் அறுத்துப் பாத்துட்டோமுங்க."

"நல்லானதையுமா?"

"நல்லானதையுங்க."

அவர் என்னையே பார்த்தார். திடீரென்று சிரித்தார். தோள் குலுங்கிய சிரிப்பு. ஆறின தோல் இழுத்ததும் முகம் சுளித்து நிறுத்தினார். "அறுக்காமத் தப்பிச்சுக்கலாம்னு நான் உங்ககிட்ட வந்தேன். நீங்க அதையும் அறுத்துட்டுத்தான் உட்டீங்களா!"

சிரிப்பு நின்ற பிறகு அவர் என்னைப் பார்க்கவே இல்லை. சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார். சேலை மடிப்புக்கு மேலே முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாகத் தெரிந்தது. அப்படியே, "கலாமணி, நர்ஸக் கூப்புடு. கையெழுத்து எங்க போடோணும்னு காட்டச் சொல்லு," என்றார்.

கலாமணி என்னைக் கடந்து போகும்போது மெதுவாகச் சொன்னார். "பதினாறு தடவ. ஒருக்கா எடுத்திருக்கலாம்."

ஜூன் 15

மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டியதையும்.  எழுதிக் கொடு என்றார். தமிழிலேயே எழுதினேன். என்ன நடவடிக்கை என்பது அடுத்த மாதக் கமிட்டியில் தெரியும். நவநீதன் அண்ணா இன்று என்னை ஜீவிதா என்று கூப்பிட்டார். அது நன்றாக இல்லை.

ஜூன் 17

இன்று முதல் மருந்து. வர வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. வார்டு கதவருகே நின்றேன். கலாமணி பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பவுனாயி அம்மாதான் விரலை மடக்கிக் கூப்பிட்டார்.

நர்ஸ் கையில் நரம்பு தேடினார். இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை கிடைத்தது. பாட்டிலில் இருந்த மருந்து சிவப்பு. மங்கிய சிவப்பு. நான் கண்ணை எடுத்துவிட்டேன். அவர் எடுக்கவில்லை. குழாய் வழியாக அந்த நிறம் தன் கைக்கு வந்து சேரும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வலிக்குமா?" என்று கேட்டார். நர்ஸிடம் இல்லை. என்னிடம்.

வரும் முன் படித்துவிட்டு வந்திருந்தேன். "இப்ப வலிக்காதுங்க. ரெண்டு மூணு நாளைக்கு வாந்தி வரும். வாயெல்லாம் புண்ணாகும். முடி கொட்டும்."

"எத்தன தடவ?"

"இது ஆறு தடவ சொல்லியிருக்காங்க. அப்பறம் அறுக்கோணும்."

"அத்தனையும் ஏத்திக்கிட்டா, அப்பறம் அறுத்துக்கிட்டா, பொழச்சுக்குவனா?"

கலாமணி என்னைப் பார்த்தார். நர்ஸ் பேண்டேஜ் ஒட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்று அசைந்தால் எல்லோருக்கும் நிம்மதியாக இருக்கும். என் கழுத்து அதற்குத் தயாராகவே இருந்தது. பல்லைக் கடித்து, தலை அசையாமல் நிறுத்திக்கொண்டேன்.

"தெரியாதுங்க."

"காது கேக்குல. சத்தமாச் சொல்லு."

"தெரியாதுங்க," என்றேன். பக்கத்துக் கட்டிலில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கும் அளவுக்குச் சத்தமாக.